முதல் மணியிலேயே எடு

ஊரிகம், கே.ஜி.எஃப்.
ஞாயிறு சாயந்திரம்

என் தங்க மகள் மாயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி வேந்தன் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே இங்கிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தும், இன்னும் முகம் காட்டாத மூன்றாவது ஆளும் சுகமா. போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய், சிரி. இதைக் குரலால் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, ஏன் என்று போகப்போகத் தெரியும். பக்கத்து லைன் டென்னிஸ் அண்ணன் மகள் லவினா லீவு முடிந்து லண்டன் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பருப்புப்பொடியும் இருக்கிறது, மாப்பிள்ளை வைக்கும் ரசத்தை நம்பி நீ ஐந்தாம் மாதத்தை ஓட்ட முடியாது.

நேற்று காலையில் லவினாவிடம் உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். முதியோர் இல்லம், நிலையான ஷிப்ட் கிடையாது, ஆள் குறைந்தால் போன் வரும், நீ எடுக்காவிட்டால் அந்த ஷிப்ட் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று. மாசமாக இருக்கும்போது முதல் தரம் அடிக்கும் போனை எடுக்காதே, திரும்ப அடித்தால் எடு என்று நான் சொன்னதையும், மூன்று வாரமாக நீ அப்படியே கேட்டு நடப்பதையும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்னா ஆன்ட்டி நீங்க, பொண்ணு சோத்துல மண்ண போட்டுட்டீங்களே என்றாள். அங்கே நேரம் நிலையில்லாத வேலைக்கும் பிரசவச் சம்பளம் உண்டாம், அவளே வாங்கியிருக்கிறாள். வேலையில் சேர்ந்து அரை வருஷம் ஓடியிருக்க வேண்டும், உனக்கு அது ஆகிவிட்டது. ஆனால் தருவார்களா, எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் ஐந்தாம் ஆறாம் மாதத்தை ஒட்டி வரும் எட்டு வாரத்துச் சம்பளத்தின் சராசரியை வைத்துத்தானாம், அதற்கு முன்னே நீ மாடாய் உழைத்தது அந்தச் சராசரியில் சேராது. அந்த எட்டு வாரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் மூன்றை நான் தின்றுவிட்டேன். சராசரி ரொம்ப இறங்கினால் ஆபீஸ் ஒன்றும் தராது, மாப்பிள்ளைக்கோ இன்னும் வேலை அமையவில்லை, பச்சை உடம்போடு நீ பிள்ளையை விட்டு வேலைக்கு ஓட வேண்டிவரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை முழுசாகச் சொல்லவில்லை. சுரங்க ஷாப்டில் இறங்கித் திரும்பாதவர்கள் ஒரே ஒரு தரம்தான் கூப்பிடுவார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள், அதனால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் கொடுக்கக் கூடாது, இந்த லைன் வீடுகளில் வளர்ந்த உனக்கு இது தெரியும். நீ மாசமான சேதி சொன்ன மறுநாள் மத்தியானம், அந்தக் காலத்தில் ஷிப்ட் மாறுமே அந்த நேரம், மூடிக் கிடக்கும் ஷாப்ட் பக்கமிருந்து மாயா என்று ஒரு கூப்பாடு. ஒரே தரம். கூப்பிட்டது என் குரல். நான் வாயே திறக்கவில்லை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இழுத்துக் கூப்பிடுவேனே, அதே இழுப்பு. அப்புறம் தினமும். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்து ஓயும், பிறகு கூப்பாடு வரும். அப்பாவிடம் சொன்னேன். புத்த தம்மம் எடுத்த வூட்ல பேயாடி, கீழ தண்ணி ரொம்பி கல்லு நவுருது, அந்தச் சத்தம் என்றார். கல்லு என் குரலில் பேசுமா என்று கேட்டேன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து மத்தியானத்தில் அவர் வீட்டில் தங்குவதில்லை.

நேற்று லவினா போனதும் உட்கார்ந்து யோசித்தேன். நீ போனை எடுத்தே ஆக வேண்டும், அது உன்னைக் கூப்பிடுவதும் நிற்க வேண்டும். தட்டு அதிர்ந்தது. மாயா என்றது. நான் பின்கதவைத் திறந்துகொண்டு, இன்னாம்மா, தோ வரேன் என்று உன் பேரில் பதில் சொல்லிவிட்டேன். ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. பயம் இல்லை என்றால் பொய், ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இன்றைக்கு அது உன் பெயரைக் கூப்பிடவில்லை.

அதனால் கண்ணு, இனி போன் அடித்தால் முதல் மணியிலேயே எடு, உடம்பு தாங்கும் ஷிப்டை ஒப்புக்கொள். மாசமாக இருப்பதை ஆபீசில் மறைக்காதே, சொன்னால்தான் பளு தூக்காத வேலை கேட்க முடியும், நர்ஸ் தரும் சான்றிதழையும் கொடுத்துவிடு. அப்படியும் சராசரி போதவில்லை என்றால் இடிந்து உட்காராதே, அரசாங்கம் தரும் பிரசவப் பணம் தனியாக இருக்கிறதாம், அதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலே பின்னால் போய் நீ நன்றாகச் சம்பாதித்த வாரங்களைத்தான் பார்ப்பார்களாம், சம்பளச் சீட்டு எதையும் எறியாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தில் நடக்காதே. புத்தரும் தம்மமும் சங்கமும் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், பிள்ளை நல்லபடி பிறந்து உன் மடியிலேயே கிடக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இன்றைக்கு மத்தியானமும் தட்டு அதிர்ந்தது, ஷாப்ட் பக்கமிருந்து அம்மா என்று கேட்டது. உன் குரல். ஒரே தரம். நான் வாய் திறக்கவில்லை. இனிமேல் நீ போன் செய்தால் அம்மா என்று இரண்டு தரம் கூப்பிடு, அதற்கப்புறம்தான் நான் பேசுவேன்.

உன் அம்மா,
யசோதரா