ஆறு வோல்ட் காரும் உன் சந்தனமும்

மச்சான்,

இன்று காலையும் உன் பழங்காலக் கார் அதே சத்தத்தைத்தான் போட்டது. சாவியைத் திருப்பினேன். "உர்ர்ர்..." என்று ஒரு முறை இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி "உர்ர்ர்..." என்றது. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் படுக்கையிலிருந்து எழுப்பினால் வரும் அதே முனகல். எஞ்சின் சுற்றுகிறதா, கொட்டாவி விடுகிறதா என்றே தெரியவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் என் வீட்டு வாசலில் நின்று, போய்ச் சேர்ந்துவிட்ட உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"என் தம்பி காரத் திட்டாதீங்க," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் உன் அக்கா.

"காரத் திட்டல. உன் தம்பியத்தான் திட்டுறேன்."

நாளை என் மகளுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் படகு மாதிரி ஒரு வெள்ளைக் காரைப் பேசி வைத்திருந்தார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "என்னைக் கூட்டிட்டுப் போக வேண்டியது தாய்மாமன். மாமா இல்ல. மாமா காராவது வரட்டும்பா." பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலைக்குத்தான் இந்த ஒரு வாரமாக வலி.

முதலில் பேட்டரிதான் சரியில்லை என்று நினைத்தேன். கிள்ளானில் உனக்குத் தெரிந்த கடைக்கே போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாஸ், ஆறு வோல்ட்டு இப்ப யாரு லா யூஸ் பண்றா? பன்னெண்டுக்கு மாத்திடுங்க, தலைவலி விட்டுச்சி." எனக்கும் ஆசைதான். ஆனால் "ஆறு வோல்ட்டா பொறந்த காரு, ஆறு வோல்ட்டாவே சாகணும் மாமா" என்று நீ சொன்னது காதுக்குள் நின்றது. புது பேட்டரி வாங்கி மாட்டினேன். "உர்ர்ர்..." என்றது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டினேன். அதற்கும் "உர்ர்ர்..." மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குத் தெரிந்த மின்சாரம் வீட்டில் பல்பு மாற்றுகிற அளவுதான்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால், பட்டுச்சேலை கட்டிய மணப்பெண்ணையா இறங்கித் தள்ளச் சொல்வது? ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் கிள்ளான் கடைத்தெருவில் நாம் இருவரும் தள்ளியது ஞாபகம் இருக்கிறதா? பின்னால் நின்ற லோரிக்காரர் தலையை நீட்டி, "அண்ணே, தள்ளுறதுக்குக் காரு எதுக்குண்ணே?" என்று கத்தினார். நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது காரு இல்ல தம்பி, குடும்பம். ஒருத்தர் உள்ள உக்காந்திருந்தா ரெண்டு பேரு தள்ளித்தான் ஆகணும்" என்றாய். உள்ளே உட்கார்ந்திருந்தவள் உன் அக்கா. அந்த வருஷம் அவள் உனக்கு முறுக்கு கொடுக்கவில்லை.

இன்று மத்தியானம், வேறு வழி தெரியாமல், நீ செய்வதைச் செய்தேன். "எங்க சுடுதோ அங்கதான் கோளாறு மாமா" என்பாய். சாவியைச் சில தடவை திருப்பிவிட்டு, ஒயரை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனேன். பேட்டரி முனைகள் சுடவில்லை. ஸ்டார்ட்டர் பக்கமும் சுடவில்லை. பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் பட்டையின் நட்டில் கட்டை விரலை வைத்தேன், பார். "ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆன்டி மறுபடி ஜன்னலைத் திறந்தார்.

விரலை ஊதும்போதுதான் கவனித்தேன். அந்த இடத்திலிருந்து சந்தன வாசம்.

ஆயுத பூசைக்கு ஊரில் எல்லாரும் ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு வைப்பார்கள், டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். உனக்கு அது போதாது. நட்டுகளைக் கழற்றித் துடைத்து, உள்ளே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து முறுக்குவாய். கேட்டால், "சாமி உள்ளுக்கும் போகணும் லா." சாமி போனார், மச்சான். கரண்டுதான் போகவில்லை! பன்னிரண்டு வோல்ட் கார் இந்தப் பொருக்கைச் சமாளித்து ஓடியிருக்கும். பாவம், ஆறுக்கு ஏது அந்தத் தெம்பு?

நட்டைக் கழற்றினேன். அடியில், காய்ந்து கல்லாகிப்போன சந்தனத்தில், உன் மூன்று விரல்களின் கோடு அப்படியே இருந்தது. போன பூசைக்கு நீ பூசியது. அதற்குப் பிறகு உன் கை இந்தக் காரைத் தொடவில்லை. உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது இருந்தால் கார் கிளம்பாது. கிளம்பாவிட்டால் நாளைக்கு நீ வரமாட்டாய். "மடையா, பூச வேற இடமே கிடைக்கலையா?" என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டுக்கொண்டே தேய்த்தேன். இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நலங்கு மஞ்சள் முகத்தோடு வாசலுக்கு ஓடி வந்த மகள், "மாமா வந்துட்டாரு!" என்று கத்தினாள். உன் அக்கா திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

என் கட்டை விரலில் பெரிய கொப்புளம். நாளைக்குத் தாரை வார்க்கும்போது உன் அக்கா இந்தக் கையில்தான் தண்ணீர் விடுவாள். கண்டிப்பாக எரியும், கண் கலங்கும். மகளைப் பிரிகிற துக்கம் என்று சபை சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அதில் பாதி உன் கணக்கு என்பது எனக்குத் தெரிந்தால் போதும்.