சூளைத் தெருவுக்கு ஒரு பிராது

விருத்தாசலம்
03.11.2025

அன்புள்ள பாப்பா வெண்பாவுக்கு,

அம்மா எழுதுவது. கோபப்படுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறேன், கவலைப்படாதே. போனில் பேசினால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் நகராட்சியிலிருந்து வீடு வீடாக ஒரு நோட்டீஸ் போட்டுவிட்டுப் போனார்கள். 'குளிர்காலச் செய்தி: நகரவாசிகளுக்கான சேவைகள்' என்று தலைப்பு. குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வரும், நிலவேம்புக் கசாயம் எங்கே கொடுக்கிறார்கள், கொசு மருந்து வண்டி எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வரும், எல்லாம் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில், தயாரித்தது என்று நீ வேலை பார்க்கிற சென்னைக் கம்பெனியின் பெயர். என் மகள் கம்பெனி என்று ஃபேக்டரி முழுக்கக் காட்டினேன். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் எங்களுக்கு இதே பேச்சு.

பிறகுதான் நிதானமாகப் படித்தேன். தூர்வாரி முடித்த வடிகால்கள் பட்டியலில் 'சோலைத் தெரு' இருக்கிறது. நம் சூளைத் தெரு இல்லை. உடைந்த பீங்கானும் களிமண்ணும் நம் வடிகாலை அடைத்துக்கொண்டிருப்பது உனக்கே தெரியும். மழைக்கு முன்னால் வாரிவிடுங்கள் என்று ஆகஸ்டு மாதமே மனு கொடுத்தவள் நான். சோலைத் தெரு ஊரின் அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிறது. அங்கே தண்ணீர் நின்று யாரும் பார்த்ததில்லை.

நகராட்சி ஆபீசுக்குப் போனேன். ராஜாங்கம் என்று ஒரு கிளார்க். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "உங்க மனு முடிஞ்சி போச்சும்மா, வேல ஆயிட்டுதுன்னு இருக்குது" என்றார். எங்கே ஆனது என்று கேட்டால் சோலைத் தெருவில் என்கிறார். மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் உங்கள் கம்பெனிதானாம். யார் ஏற்றினார்கள் என்று விசாரித்து, உடனே திருத்தச் சொல். இல்லையென்றால் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்கே மனு எழுதிப் பிராது கட்டிவிடுவேன். அவர் பெயரை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

கோபமும் பாசமும் குறையாத அம்மா,
கொளஞ்சியம்மாள்


சென்னை
10.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால் டைப் அடித்து அனுப்புகிறேன், தப்பாக நினைக்காதே.

ராஜாங்கம் சாரிடம் பேசினேன். முடித்துவிட்ட மனுவைத் திரும்பத் திறந்தால் எங்கள் கம்பெனி விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அதைவிட சுலபமான வழி ஒன்று சொன்னார். நம் தெருவின் பெயரை 'மேற்கு சோலைத் தெரு' என்று மாற்றச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், புது மனுவாக எடுத்துத் தை மாதம் தூர்வாரிக் கொடுப்பார்களாம். பெயரும் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? கையெழுத்துப் போட்டுவிடு அம்மா. யார் ஏற்றியது என்று கிளற வேண்டாம். பிராதெல்லாம் எதற்கு?

அன்புடன்,
வெண்பா


விருத்தாசலம்
24.11.2025

அன்புள்ள வெண்பாவுக்கு,

அம்மா ஈரத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்படியில் கணுக்கால் வரைக்கும் நின்றது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மகன் அல்தாப் குவைத்தில் இருக்கிறான், கூடப் படுத்திருந்தது நான்தான். கொசு மருந்து வண்டி எங்கே போனது என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். சோலைத் தெருவுக்கு, இரண்டு தடவை.

தை மாதம் தூர்வாருவார்களாம். மழையெல்லாம் முடிந்து தரை காய்ந்த பிறகா? யார் தலையில் மிளகாய் அரைக்கிறீர்கள்?

ராஜாங்கம் பெயர் மாற்றுகிற தாளோடு தெருவுக்கே வந்துவிட்டார். பாவம், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தாளை வாங்கிப் படித்தேன். "தண்ணி பூந்தது சூளைத் தெருவுல. கையெழுத்தும் சூளைத் தெருவுலதான் போடுவேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஒருத்தரும் போடவில்லை. ஜைத்தூன் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, எங்க ஊட்டுப் பத்திரத்தையும் நீங்களே மாத்திக் குடுப்பீங்களா என்று அவரைக் கேட்டு விரட்டியது.

மறுநாள் மணவாளநல்லூருக்கு பஸ் ஏறிப் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டேன். வெள்ளைத்தாளில், நம் சூளையைச் சோலையாக்கிய கை யாருடையதோ அந்தக் கையை நீ விசாரி சாமி என்று எழுதி, வேலில் கட்டினேன். தொண்ணூறு நாளில் அவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆபீஸ் மாதிரி இல்லை.

உன் அம்மா


சென்னை
01.12.2025

அன்புள்ள அம்மா,

இதைக் கையால் எழுதுகிறேன். அந்தக் கை என் கைதான்.

ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்று விலாசம் கேட்டார்கள். சூளைத் தெரு என்றதும் பின்பெஞ்சில் சிரித்தார்கள். அந்த வருடம் முழுக்க என்னை 'வெந்த கல்லு' என்றுதான் கூப்பிட்டார்கள். காலேஜில் சேர்ந்தபோது சோலைத் தெரு என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு எல்லா இடத்திலும் அப்படியேதான். இங்கே ஆபீசிலும் என் விலாசம் சோலைத் தெருதான்.

அன்றைக்கு என் முன்னால் முந்நூறு மனு. உன் கையெழுத்தைக்கூட நான் கவனிக்கவில்லை. சூளை என்று படித்துவிட்டுச் சோலை என்று அடித்திருக்கிறேன், விரல் பழகிவிட்டது. உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பெயரை மாற்றச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது அம்மா. ஜைத்தூன் பெரியம்மா முகம் கண்ணிலேயே நிற்கிறது.

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். பிராதைத் திரும்ப வாங்கிவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் வெண்பா


விருத்தாசலம்
06.12.2025

பாப்பா,

ஃபியூஸ் கட்டையைத் தட்டினால் விரிசல் இருக்கிறதா என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். நீ டைப் அடித்து அனுப்பினாயே, அதில் அன்றைக்கே விரிசல் கேட்டது, எதனால் என்றுதான் பிடிபடவில்லை. இந்தக் கடிதத்தில் சத்தம் சரியாக இருக்கிறது.

உன் காலேஜ் கவரில் சோலைத் தெரு என்று அப்போதே பார்த்தேன். தபால்காரர் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை ஏதோ எழுத்துப் பிழை விட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். மனசு வலித்தது. அன்றைக்கே உன்னை உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது என் தப்பு. அதையும் கோயிலில் சொல்லிவிட்டேன்.

ஆனால் பிராதைத் திரும்ப வாங்க மாட்டேன். ஊரான் பிள்ளை என்று நினைத்துக் கட்டினேன், என் பிள்ளை என்று தெரிந்ததும் அவிழ்த்தால் அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன்? வேலை போனால் ஊருக்கு வா, சோறு போடுகிறேன். அடுத்த மழைக்கும் ஜைத்தூன் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், அப்போது என்னிடம் வராதே.

நீ எழுதியதை நீயே திருத்து.

அம்மா


விருத்தாசலம்
23.12.2025

அன்புள்ள வெண்பாவுக்கு,

நீ பதில் போடவில்லை. இரண்டு வாரமும் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்த் தபால்காரரைத் தொந்தரவு செய்தேன். அவசரப்பட்டுக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தூக்கம்கூடச் சரியாக இல்லை.

சனிக்கிழமை மார்கழி நோட்டீஸ் வந்தது. கசாயம், கொசு மருந்து, குடிதண்ணீர் நேரம் எல்லாவற்றுக்கும் மேலே கட்டம் போட்டு அச்சடித்திருந்தது:

'திருத்தம். சோலைத் தெருவில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட வடிகால் மனு, உண்மையில் சூளைத் தெருவினுடையது. அங்கே வேலை நடக்கவில்லை. மனுவைத் தவறாகப் பதிவு செய்தது நான். ப. வெண்பா, சூளைத் தெரு, விருத்தாசலம்.'

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஜைத்தூன் அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. "நம்ம புள்ள எழுதியிருக்குது" என்று மட்டும் சொன்னது. நேற்றுக் காலை ஜேசிபி வந்துவிட்டது, கூடவே ராஜாங்கமும். வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது, சத்தம் இங்கே வரை கேட்கிறது.

உன் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பொங்கலுக்கு வா. பிராதைத் திரும்ப வாங்குவதற்கு அதே மாதிரி ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுத மாட்டேன், அதை நீதான் எழுத வேண்டும். பெயருக்குக் கீழே விலாசத்தை முழுசாக எழுது.

தெரு முழுக்க வாரிப்போட்ட களிமண் கிடக்கிறது. நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வராதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
கொளஞ்சியம்மாள்,
சூளைத் தெரு