அலமாரியில் பட்ட கை

18 ஜூன் 1956, திங்கள். பாம்பன்.
தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடை முழுக்க மணல். அலமாரியில் இன்னொரு ரேடியோ வால்வு காணோம். கடையில் மூன்றே பேர்: மாமா, நான், வேலைக்கு நிற்கும் சூசை. மாமாவுக்குச் சந்தேகம் சூசைமேல்.
"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்தான்."
"அவன் எடுக்கல மாமா."
"அப்ப காலேஜ விட்டு ஓடியாந்த தொர எடுத்தீகளோ?"
சூசை என் கூட்டாளி. ஸ்டேஷனில் தோலை உரித்துவிடுவார்கள். விடமாட்டேன்.

19, செவ்வாய்.
யோசனை. பேட்டரி ரேடியோ செட்டில் கொழும்பு ரேடியோ பிடிக்கையில் திருகைக் கூட்டினால் விசில் அடிக்கும். கம்பிச்சுருள் பக்கம் கை போனாலே விசில் மாறும். உடம்பும் கொஞ்சம் மின்சாரத்தை வாங்குகிறது. அப்படியென்றால் இரும்பு அலமாரியையே சுருளோடு இணைத்தால்? கால்களுக்கடியில் பீங்கான் கிண்ணி, தரைக்கு ஓடாமல். செட் பின்னறையில்.
அலமாரியில் விரல் வைத்தால் விசில் கொஞ்சம் இறங்குகிறது. முழுக்கை வைத்தால் தொபுக்கென்று அடிமட்டத்துக்கு விழுகிறது.
மாமா சம்மதம். "ஆனா அவன்ட்ட மூச்சு விடக் கூடாது."

20, புதன்.
விசில் இறங்கி இரண்டு தரம் ஏமாந்தேன். முதலில் கடல் ஈரம். அடுத்து பூனை.
"ஏலே, பூனைக்கு வெலங்கு மாட்டவா?" மாமா சிரிப்பு.
பிடிபட்டது இது: ஈரம் மெல்ல இழுக்கும். பூனை உரசினால் இறங்கி உடனே ஏறும். கை பட்டென்று இறக்கும், அப்படியே நிற்கும்.

21, வியாழன்.
ஒன்றுமில்லை. சூசை டீ கொண்டுவந்தான். "என்னலே, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

22, வெள்ளி.
மதியம். மாமா வாசல் பெஞ்சில். சூசை சாப்பிடப் போயிருந்தான். யாராவது வெளியாள் வந்து தொடணும், கர்த்தரே, சூசையோட கர்த்தரே.
விசில் விழுந்தது. நின்றது. ஓடினேன்.
சூசை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. இடது கை அலமாரிக் கதவில், வலது கையில் வால்வு.
"எனக்கும் ஒரு செட்டு வேணும்லே. நானே கட்டணும்."
பின்னறையில் விசில் இன்னும் அடியிலேயே. கையை எடுக்கவில்லை அவன்.
வாசலிலிருந்து மாமா: "ஏலே! மாட்டிக்கிட்டானா?"
"பின்னால ஓடு," என்றேன். ஓடினான். வால்வோடு.
நான் அக்கா மகன், என்னை மாமா ஸ்டேஷனில் விடமாட்டார்.
"மாட்டிக்கிட்டான் மாமா. நான்தான்."
கன்னம் இன்னும் எரிகிறது. நாளைக் காலை ரயிலில் ஊருக்கு. அய்யாவுக்குத் தந்தி போய்விட்டது. சாயங்காலம் சூசை வழக்கம்போலக் கடைக்கு வந்தான். "திருட்டுப் பய, பாத்தியாடா?" என்று மாமா என்னைக் காட்டினார்.
"ஆமாண்ணே," என்றான்.