எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

8 மே 1977, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். இலை அசையவில்லை. சிற்பக் கூடத்து உளிச் சத்தம்கூடப் பத்து மணிக்கே நின்றுவிட்டது. பள்ளி விடுமுறை.

குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் பேசி அனுப்பிய கேசட் வந்தது. கடிதம் எழுதச் சோம்பல்படும் மனிதர் அரைமணி நேரம் பேசியிருக்கிறார்! போன வருஷம் அவர் அனுப்பிய கேசட் டெக்கில் ஸ்பீக்கர் கிடையாது. குவைத் போகும் முன் அவரே கட்டிவைத்த ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால்தான் சத்தம் வரும். மாட்டினேன். 'ம்ம்ம்' என்று ஒரே உறுமல். அதற்கடியில் எங்கேயோ அவர்.

அத்தை (மாமியார்): "இன்னாடி இது, எம்புள்ள பேசறானா, வண்டு பேசுதா?"

உரக்கச் சொன்ன ஒன்று மட்டும் தெளிவு: "தீபாவளிக்குக் கண்டிப்பா வந்துடுவேன்." அத்தைக்காக நாலு தரம் திருப்பிப் போட்டேன். எனக்காக ஐந்தாவது.

10 மே, செவ்வாய்

உறுமலுக்குச் செய்தவை:

ஸ்டெபிலைசர் - ஐஸ் ஃபாக்டரி மோட்டார் ஓடினால் வோல்டேஜ் 170. டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. பயனில்லை.

கரண்ட் ஒயரையும் டெக் ஒயரையும் ஒட்டிப் போடாதே என்பார் என் வீட்டுக்காரர். பிரித்துப் போட்டேன். துளி குறைந்தது.

செங்கல்பட்டு போய், மேலே கம்பி வலை சுற்றிய புது ஷீல்டு ஒயர் வாங்கி வந்தேன். போக வர பஸ்ஸில் நின்றபடி. அதுவும் வீண்.

பழைய ஒயரில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'தொடாதே'. தொட்டேன். வெகுநேரம்.

ரேஷன் - சர்க்கரை இல்லை.

13 மே, வெள்ளி

எலக்ட்ரீஷியன் ஏழுமலை வந்தார். குப்பத்துக்காரர், என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கவே இல்லை. நேரே கொல்லையில் எர்த் கம்பி புதைத்திருக்கும் குழிக்குப் போனார்.

"இன்னா டீச்சர், எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தறதே இல்லியா?"

"கடலோர மண்ணுதானே, ஈரமாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நல்லா கீது போங்க! கடலு பக்கத்துல கீதுன்னா மணலு காயாதா? குழி காஞ்சா உறுமத்தான் செய்யும். அண்ணாத்த தெனம் ஒரு கொடம் ஊத்துவாரே!"

ஊற்றுவார்தான். முருங்கை மரத்துக்கு என்றல்லவா நினைத்திருந்தேன். மூன்று வருஷக் குடித்தனம், நல்ல லட்சணம்!

அடுப்புக்கரி, கல்லுப்பு கொட்டி, குழியிலிருக்கும் குழாயில் எர்த் கம்பியை இறுக முறுக்கி, நாலு குடம் தண்ணீர். உறுமல் போயே போய்விட்டது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். அழுதுவிட்டேன், ஏழுமலை எதிரிலேயே. பாதியில் கரண்ட் கட்.

14 மே, சனி

குழிக்கு ஒரு குடம். அத்தை கோயிலுக்கு. நான் மட்டும். கடைசி வரை கேட்டேன்.

"சரி, உடம்பப் பாத்துக்கோ" என்கிறார். பிறகு நிறுத்தும் பட்டனை அழுத்த மறந்திருக்கிறார். நாற்காலி இழுபடுகிறது. அறைத் தோழர் குரல், மெதுவாக:

"ஏன்டா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டியே, அத சொல்லலியா?"

"எப்டிறா சொல்றது? அம்மா இந்தக் கேசட்ட கேப்பாங்கடா. அவளும் கேப்பா."

மூக்கை உறிஞ்சுகிறார். அப்புறம்தான் 'டக்'.

பாவி மனுஷா. இரண்டு வருஷமா? எனக்குக் கோபம் வரவேண்டும். அந்த மூக்குறிஞ்சல்தான் காதிலேயே நிற்கிறது. நேரில் வாங்க, கோபித்துக்கொள்கிறேன்.

16 மே, திங்கள்

மாங்காய் ஊறுகாய் போட்டோம். அத்தை ஒரு ஜாடியைத் தனியாகத் துணி கட்டி வைத்தார். "இத்த தொடாத. தீபாவளிக்கு வந்தான்னா அவனுக்கு."

சரி என்றேன். கை எரிகிறது, மிளகாய்த்தூள்.

17 மே, செவ்வாய்

சனிக்கிழமைக்குப் பிறகு குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மணல் வெளுத்துக் கிடக்கிறது.

சாயங்காலம் அத்தை கேட்டார். "கேசட்ட போடேன். இப்பத்தான் நல்லா கேக்குதாமே. தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன் அத்தை."

போட்டேன். உறுமல். கடைசிப் பகுதியில் வண்டைத் தவிர ஒன்றும் இல்லை. அத்தை ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டே இருந்தார்.

"போவுது வுடு. தீபாவளிக்கு வந்துடுவேன்னு சொல்றான் பாரு, அது நல்லா கேக்குது. அது போதும்."

இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.