பிளாப்பியில் கிடந்த கடிதம்

பம்பாய், 25.8.1988

அன்புள்ள பூமாரிக்கு, நான் நலம். உன் இருமல் குறைந்ததா? அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா?

ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் செய்ததால் கோப்புகளைப் பிளாப்பித் தட்டில் நகலெடுத்தேன். இடமில்லை என்று பாதியில் நின்றது. அதிலிருந்த பழைய கோப்புகளைத் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்துக்கொண்டே வந்தேன். அதில் ஒன்று, என்னோடு ஆபீஸில் வேலை பார்த்து, போன மாதம் ரயிலில் அடிபட்டு இறந்த சிவகிரி துரைப்பாண்டி, தன் அம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் தட்டிவைத்த தமிழ்க் கடிதம்.

"எம்மா, ஆவணியில வாரேன். கதவத் தாழ் போட்டுராத."

மேனேஜர் அழிக்கச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. வேறு பிளாப்பி வாங்கினேன். இப்போது கம்ப்யூட்டருக்குள் பிளாப்பி இரைந்து சுழலும்போதெல்லாம் அவன் பேசுவது போலிருக்கிறது. பயப்படாதே, வேலைக் களைப்புதான். உன் போட்டோ ஒன்று அனுப்பு.

அவன் கடிதத்தைத் தமிழில் எழுதி இதனுள்ளே வைத்திருக்கிறேன். சங்கரன்கோவிலில் பஸ் ஏறிச் சிவகிரிக்குப் போய் அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. படித்ததும் கிளம்பிவிடாதே, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இரு.

உன் நல்லகண்ணு