நான் வாசித்துச் சொல்லாத வரி

சவர்க்காரத்தோடு வழுக்கிப் போன என் விரல் இடது மார்பில் ஓரிடத்தில் தட்டியது, சாச்சி. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. இன்றோடு எட்டு நாள்.

உங்களுக்கும் இந்த அளவில்தான் தொடங்கியது. நாட்டில் சண்டை முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய கிழமை சாச்சா மவுத்தானார். நீங்கள் விதவையாக நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருக்க அறைக்குள் போனீர்கள். சோறு கொண்டுவந்த என்னிடம் ஒரு மத்தியானம் கட்டியைப் பற்றிச் சொல்லி, உம்மாவுக்குக்கூடத் தெரியக்கூடாதென்று சத்தியம் வாங்கினீர்கள்.

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைத்தான் கொம்பியூட்டர் கடைக்கு அனுப்பினீர்கள். ‘மார்பில் கட்டி’ என்று யாரும் பார்த்துவிடாமல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். பெரும்பாலான கட்டிகள் ஆபத்தில்லாதவை என்று இருந்தது. அதற்குக் கீழே, எதுவானாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. பக்கத்துக் கதிரைக்கு யாரோ வந்தார்கள். மூடிவிட்டேன்.

“வாங்க டாக்டரம்மா, பெட்டி என்ன சொல்லிச்சு?” என்று சிரித்தீர்கள்.

“கனபேருக்கு ஒண்டுமில்லையாம், சாச்சி.”

உங்கள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்த பிறகு மற்ற வரி எனக்கு வாயில் வரவில்லை.

“அப்ப இத்தா முடியட்டும் புள்ள. இப்ப ஆசுபத்திரிக்குப் போனா ஊர் என்ன கதைக்கும்?”

மருந்துக்காக வெளியே போகத் தடையில்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மௌலவி பிறகு சொன்னார். அதற்குள் உங்கள் கக்கத்திலும் பரவியிருந்தது. கடல் ஊருக்குள் வந்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய றோட்டு வரை ஓடியவர் நீங்கள்.

இப்போது கூடப்பிறந்த காக்காவின் போனில் தேடுகிறேன். தேடியதை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். தோள் நோகும் என்று வாசித்தால் தோள் நோகிறது. முதுகு என்று வாசித்தால் முதுகு. நல்ல வரி வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன். கீழே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போதே காட்டியிருந்தால் நீங்கள் இன்று உயிரோடு இருந்திருப்பீர்களா என்றும் தேடினேன். ஒரு பக்கமும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருகிறார்கள். உம்மா தலையணை உறைக்குப் பூ தைக்கிறார். இது வெளியில் தெரிந்தால் அவர்கள் வரமாட்டார்கள். தெரியாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் அறையில் நான் பார்த்திருக்கிறேன்.

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மா தனியாக இருந்தார். கையிலிருந்த தையலை வாங்கிக் கட்டிலில் வைத்தேன். உம்மாவின் விரல்களைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தினேன்.