நான்காம் அத்தியாயத்தைப் பூட்டி வைக்கக் கோரி

அனுப்புநர்:
யெசெனியா கால்லிசாயா போமா,
முதுகலை இறுதியாண்டு,
பெண்ணியல் மற்றும் பாலினக் கல்வித் துறை.
(வீட்டு முகவரியை எழுதாததற்குப் பொறுத்தருள்க. காரணம் பத்தி 5-இல்.)

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
புதிய சமவெளிப் பல்கலைக்கழகம்,
கொச்சபாம்பா.

பொருள்: ஆய்வேடு எண் 212-ஐ இன்றே பூட்டி வைக்கவும், அதை எழுதியவர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆய்வேட்டை எழுதியவள் நான். புகாரும் என் மீதுதான். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தாங்கள் எண்ணக்கூடும். தயவுசெய்து கடைசி வரை வாசிக்க வேண்டுகிறேன்.

2. கணவனிடமிருந்து தப்பி வந்து, வேற்றூரில் பலகாரம் விற்றுப் பிழைக்கும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. பதினொரு பேரிடம் பேசினேன். அவர்களில் ஒருவரை ரொசெந்தா என்று குறிப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். வயதை மாற்றினேன், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றினேன், ஊரின் பெயரையும் மாற்றினேன். "என்னை யாரும் அடையாளம் காண முடியாது" என்று ஒப்புதல் படிவத்தில் உள்ள வரியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படிவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ படிச்ச பொண்ணு. என்னை எப்படி மறைக்கணும்னு உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

3. எனக்குத் தெரியவில்லை ஐயா. பெண்களின் உழைப்பைப் பொத்தாம்பொதுவாக எழுதாதே, கை என்ன செய்கிறது என்று பார்த்து எழுது என்பது எங்கள் துறையில் முதல் வருடப் பாடம். பாடத்தில் குறை சொல்ல மாட்டேன். 83ஆம் பக்கத்தில் ரொசெந்தாவின் கையை எழுதினேன். சல்தேஞா பலகாரத்துக்குள் இருக்கும் குழம்பு ஒழுகாதபடி ஓரத்தைப் பின்னி மூடும்போது எல்லோருடைய மடிப்பும் ஒரு பக்கம் சாயும்; இவருடையது மறுபக்கம் சாயும். பேருந்து ஓட்டுநரான கணவர் இவருடைய வலது கட்டைவிரலைப் பேருந்துக் கதவில் வைத்து நசுக்கினார். அதன்பின் இடக்கையால் பின்னப் பழகியதால் வந்த சாய்வு அது. என் வழிகாட்டி பேராசிரியர் இவானா அராமாயோ அந்தப் பத்தியின் ஓரத்தில் "அருமை" என்று எழுதினார். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எல்லாவற்றையும் மாற்றிய நான் கையை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

4. ஆய்வேட்டுக்குப் பரிசு கிடைத்ததால் மார்ச் 8 அன்று மாணவர் வானொலி அந்தப் பத்தியை வாசித்தது. செவ்வாய்க்கிழமை ஒருவர் துறை அலுவலகத்துக்கு ஒரு பெட்டி சல்தேஞாவுடன் வந்தார். செயலாளர் சுல்மா அம்மையாரிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்குப் படிப்பு கம்மிங்க. ஆனா ரேடியோல வாசிச்சாங்களே, அது என் வீட்டுக்காரி கை. அந்தப் பொண்ணு எழுதினதை முழுசா படிக்கணும், அவ்ளோதான்." அவர் குரலை உயர்த்தவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார் என்றார் சுல்மா அம்மையார். அதனால் ஆய்வேடு திங்கட்கிழமை வாசிப்பறைக்கு வரும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விவரம் சொல்லியிருக்கிறார். வந்தவர் பதிவேட்டில் முதல் ஆளாகப் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுதினால் அந்தப் பெண்ணின் பெயரும் வெளியாகிவிடும்.

5. வானொலியில் கேட்டதை வைத்து அவருக்குக் கை மட்டும்தான் தெரியும். நான்காம் அத்தியாயத்தில் இடம் இருக்கிறது. ரொசெந்தாவின் கடைக்கு எதிரே எந்த நிறத்தில் பள்ளிக்கூட வாசல், எத்தனை மணிக்குக் கூடையை இறக்குவார், பிள்ளைகள் எந்தப் பக்கமிருந்து ஓடி வருவார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தச் சாலையில் ஒருமுறை பேருந்து ஓட்டியவருக்கு அது போதும். புதன்கிழமையும் நேற்றும் என் விடுதி இருக்கும் தெருவில், சுல்மா அம்மையார் சொன்ன அதே தொப்பியைப் பார்த்தேன். நேரில் போய் ரொசெந்தாவை எச்சரிக்கலாம் என்றால், பின்தொடர்ந்து வரும் அந்த மனிதருக்கு நானே வழி காட்டியவளாவேன். அடைக்கலம் தரும் இல்லம் மூலமாகச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றுகிறது. காலையில் தெருவில் விற்கும் ஒவ்வொரு சல்தேஞாவின் மடிப்பும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் என்னால் நடக்க முடியவில்லை. அந்த மனிதரும் அப்படித்தானே பார்த்துக்கொண்டு போவார்?

6. ஆய்வேட்டைத் திரும்பப் பெற விண்ணப்பித்தேன். அதற்கான குழு 28ஆம் தேதிதான் கூடும் என்றார்கள். காவல் நிலையத்துக்கும் போனேன். புத்தகம் படிக்க வருவது குற்றமில்லையே என்று கேட்டார்கள். வந்தவர் யார் என்று சொன்னதும் சுல்மா அம்மையார் அழுதுவிட்டார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, "எழுதினவ மேல புகார் வந்தாத்தான் அன்னிக்கே பூட்டுவாங்க மகளே. உன் மேல யாரு புகார் குடுக்கப் போறா?" என்றார். விதி 31-ஐ நானே படித்துப் பார்த்தேன். வாக்குமூலம் தந்தவரைக் காக்கத் தவறிய ஆய்வாளர் மீது எவரும் புகார் தரலாம். புகாரின் நகலில் ஆய்வாளர் கையெழுத்திட்டதும் ஆய்வேடு பூட்டப்படும். குற்றம் உறுதியானால் பட்டம் ரத்தாகும். "எவரும்" என்பதில் நானும் அடங்குவேன் என்று நம்புகிறேன்.

7. பட்டமளிப்பு விழாவுக்காக, கொல்கிரி சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் தந்தை, வாழ்நாளில் முதல்முறையாகக் கோட்டு தைக்க அளவு கொடுத்திருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை. குற்றம் உண்மை, நான் மறுக்கவும் போவதில்லை. ஆதலால் விசாரணைக்கு அதிக நாள் பிடிக்காது.

8. எனவே, வாசிப்பறைப் பிரதியை இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் தங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டவும், இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தவும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை அவர் வந்து, பூட்டச் சொன்னது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லலாம். முகவரியை மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இடம்: கொச்சபாம்பா
நாள்: 14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை

புகார் அளிப்பவர்:
(ஒப்பம்) யெசெனியா கால்லிசாயா போமா

என் மீதான இப்புகாரின் நகலைப் பெற்றுக்கொண்டேன்.
ஆய்வாளர்:
(ஒப்பம்) யெசெனியா கால்லிசாயா போமா